கிணற்றில் 12 அடியில் கறுப்புச் சேறும் சிப்பியும்: எங்கள் நிலம் முன்பு கடலா, வாவியா?

வெற்றிலைத்தோட்டம் (களுதாவளை) · சனி காலை 7.40

வணக்கம். வீட்டுக்குப் பின்னால் புதுக் கிணறு வெட்டிக்கொண்டிருக்கிறோம். கச்சான் காற்று அடித்து, பழைய கிணற்றில் வாளி அடிமண்ணைத் தட்டத் தொடங்கிவிட்டது. மேலே இரண்டு அடி தோட்டத்து மண். அதன் கீழ் ஏழெட்டு அடிக்கு வெள்ளை மணல், அள்ளினால் சீனி போல விரலிடையே வழிகிறது. பிறகு பருமணல், இடையிடையே கறுப்புக் கோடுகள். 12 அடியில் மண்வெட்டி வழுக்கியது. மேலே எடுத்தால் மை போன்ற சேறு, கூழ்முட்டை நாற்றம். உள்ளே சிப்பியும் ஊரியும், ஒரு முழ நீளத்தில் உக்கிய மரத்துண்டும்.

கிணறு வெட்ட வந்த ஐயா, "இது ஆற்றுச் சேறு தம்பி, இந்தப் பக்கத்தில் பல கிணறுகளில் கண்டிருக்கிறேன்" என்கிறார். பக்கத்து வளவுக்காரர் சுனாமி கொண்டுவந்தது என்கிறார். எங்கள் வளவிலிருந்து கடலும் மட்டக்களப்பு வாவியும் (கடலோர உவர்நீர் ஏரி) ஏறத்தாழ ஒரே தூரம். எட்டாம் ஆண்டு படிக்கும் மகள், "அப்பா, நாங்கள் கடலுக்கு மேலேயா குடியிருக்கிறோம்?" என்று கேட்கிறாள். அவளுக்குப் பிழையான பதில் சொல்ல மனம் வரவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தறிமேடை (மருதமுனை) · சனி காலை 9.15

சுனாமியை எளிதில் தள்ளிவிடாதீர்கள். 2004 டிசம்பர் 26 அன்று எனக்குப் பதினாறு வயது. தண்ணீர் வடிந்த பிறகு எங்கள் முற்றத்தில் சாம்பல் நிற மணல் ஒரு சாண் உயரத்துக்குப் படிந்திருந்தது. அதற்குள் சிப்பி, முருகைக்கல் துண்டு, யாருடையதோ ஒரு செருப்பு. அதைக் கூட்டி அள்ளிய கை இது. கடல் இப்படி ஒரே காலையில் ஒரு படையைப் போட்டுவிட்டுப் போக முடியும் என்பதை நாங்கள் கண்ணால் கண்டிருக்கிறோம். உங்கள் சேறு அந்தச் சுனாமியினுடையதாக இல்லாமல் இருக்கலாம். அதற்கு முன் வந்த ஒன்றாக ஏன் இருக்கக் கூடாது?

தாந்தாமலை டீச்சர் (கொக்கட்டிச்சோலை) · சனி காலை 11.02

தறிமேடைத் தம்பி கேட்டது நியாயமான கேள்வி. ஹம்பாந்தோட்டைப் பக்கத்தில் கரகன் களப்பின் அடியில், 2004க்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் வந்த பேரலைகளின் மணற்படைகளை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். ஆகவே பழைய சுனாமி என்பது கற்பனை அல்ல. ஆனால் அங்கே சேற்றுக்கு நடுவே மணல் இருந்தது. இங்கே மணலுக்குக் கீழே சேறு இருக்கிறது. அந்த வேறுபாட்டில்தான் விடை இருக்கிறது.

வெற்றிலைத்தோட்டம் தம்பி, கிணற்றை மூடுமுன் நான்கு விடயங்களைப் பார்த்துச் சொல்லுங்கள். மணலும் சேறும் சந்திக்கும் இடம் கத்தியால் வெட்டியதுபோல் இருக்கிறதா, கொஞ்சம் கொஞ்சமாக மாறுகிறதா? சேறு எவ்வளவு தடிப்பு? சிப்பிகள் உடைந்து சிதறியிருக்கின்றனவா, இரண்டு ஓடுகளும் மூடியபடி முழுதாக இருக்கின்றனவா? ஊரி எப்படிப்பட்டது, உருண்டையா, நீண்டு முறுக்கியதா?

பேரலை என்றால் அது அவசரமாக வந்து போகும். வரும்போது அடிநிலத்தைச் சுரண்டும், அதனால் படையின் அடி கூர்மையாக இருக்கும். பாரமானது முதலில் விழும், நுண்ணியது பின்னால் படியும். ஓடுகள் நொறுங்கும், ஆழக்கடல் உயிரியும் கரை உயிரியும் ஒன்றாகக் கலந்து கிடக்கும். சூறாவளிக் கடலும் கிட்டத்தட்ட அப்படித்தான் செய்யும். 1978 நவம்பர் சூறாவளியைக் கண்டவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அமைதியான நீரின் அடியில் நூற்றாண்டுக் கணக்கில் ஊறிப் படிந்த சேறு வேறு முகம் காட்டும்.

வெற்றிலைத்தோட்டம் (களுதாவளை) · சனி மாலை 5.48

டீச்சர், சேற்றை வாளியில் கரைத்து, மகளின் அரிதட்டில் அரித்தோம். ஊரி எல்லாம் நீண்டு முறுக்கியவை, விரல் நீளம். வாவிக் கரையில் கண்ணா (சதுப்புநில) மர வேர்களில் இன்றும் ஊர்ந்து திரிவதே இந்த ஊரிதான். மட்டிகளில் ஏழு, இரண்டு ஓடும் மூடியபடி இருக்கின்றன. ஒன்றைத் திறந்தோம், உள்ளே சேறு நிரம்பியிருந்தது. அலவாங்கை இறக்கிப் பார்த்தேன், மூன்று அடிக்கு மேல் சேறாகவே போகிறது. மணலும் சேறும் ஒரே கோட்டில் பிரியவில்லை. ஓர் அடிக்குச் சேற்றுக்குள் மெல்லிய மணற்கோடுகள், மேலே வர வர மணல் கூடுகிறது.

தறிமேடை (மருதமுனை) · சனி மாலை 6.20

மட்டி மூடியபடி இருந்தால் அது இருந்த இடத்திலேயே செத்திருக்கிறது. அலை அடித்துக்கொண்டு வந்ததென்றால் ஓடுகள் பிரிந்திருக்கும். என் கருத்தை மாற்றிக்கொள்கிறேன்.

தாந்தாமலை டீச்சர் (கொக்கட்டிச்சோலை) · சனி இரவு 8.35

கிணறு வெட்டிய ஐயா சொன்னதே சரி, அவருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். நம் ஊரார் வாவியை ஆறு என்றுதான் சொல்வார்கள். நீங்கள் எட்டியிருப்பது பழைய வாவியின் அடித்தளம். மரத்துண்டு பெரும்பாலும் கண்டல் மரமாக இருக்கும். காற்றுப் புகாத சேற்றில் பக்டீரியாக்கள் கடல்நீரிலுள்ள சல்பேற்றைச் சிதைக்கும்போது அந்தக் கூழ்முட்டை நாற்றம் எழுகிறது. கறுப்பு நிறம் இரும்புச் சல்பைட்டால் வருவது.

இனி மகளின் கேள்விக்கு வருகிறேன். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், கடைசிப் பனிக்காலத்தின் உச்சத்தில், உலகத்து நீரில் ஒரு பகுதி பனிப்பாளங்களாகத் தரைமேல் உறைந்திருந்தது. கடல் மட்டம் இன்றையதைவிட ஏறத்தாழ 120 மீற்றர் கீழே இருந்தது. அப்போது களுதாவளையில் கடற்கரை இல்லை, கரை கிழக்கே தள்ளியிருந்தது. படுவான்கரை (வாவியின் மேற்குப் பக்க) ஆறுகள் இன்றைய வாவியைக் கடந்து, இன்று கடலாக இருக்கும் நிலத்தின் மேல் ஓடி, பள்ளத்தாக்குகளை அறுத்தன. பிறகு பனி உருகியது, கடல் ஏறியது, பள்ளத்தாக்குகளின் வாய் மூழ்கியது. சுமார் 6,000 ஆண்டுகளுக்கு முன் கடல் இன்றைய மட்டத்தை எட்டி, சற்று மேலும் உயர்ந்து, பிறகு தணிந்தது. தென்கரையில் தரைக்குள் கிடக்கும் பழைய முருகைக்கல் படுக்கைகள் அதற்குச் சாட்சி.

ஏறிய கடல் மணலைத் தள்ளித் தள்ளி, மூழ்கிய பள்ளத்துக்கு முன்னால் ஒரு நீண்ட திட்டை எழுப்பியது. திட்டுக்கு உள்ளே அகப்பட்ட நீர் வாவியானது. பெரிய கடலும் சூறாவளியும் அடிக்கும்போதெல்லாம் திட்டின் மணல் பின்பக்கம் வழிந்து வாவிச் சேற்றை மூடும். இப்படித் திட்டு மெல்ல மெல்ல மேற்கே நகரும். நீங்கள் கண்ட மணற்கோடுகள் அந்த நகர்வின் கையெழுத்து. ஆகவே மகளிடம் சொல்லுங்கள்: நீங்கள் குடியிருப்பது வாவிக்கு மேல். ஏறி வந்த கடல் கொண்டுவந்து போட்ட மணல் அந்த வாவியை மூடியிருக்கிறது.

இந்த எழுவான்கரை (வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட கிழக்குப் பக்கம்) சில ஆயிரம் ஆண்டு வயதுள்ள நிலம். நம் கோயில், பள்ளிவாசல், பாடசாலை, வெற்றிலைக் கொடி எல்லாம் அந்த இளம் மணலில் நிற்கின்றன. 56 கிலோமீற்றர் நீளமான வாவியைத் தாண்டி மேற்கே வாருங்கள், நூறு கோடி ஆண்டுப் பாறையில் கால் பதியும்.

உயர்தரப் புவியியல் (செங்கலடி) · ஞாயிறு காலை 6.55

டீச்சர், எனக்கு ஒரு சந்தேகம். மணலைக் கடல் தள்ளியது என்றீர்கள். கடலுக்கு அந்த மணல் எங்கிருந்து கிடைத்தது? சிப்பியும் முருகைக்கல்லும் நொறுங்கித்தான் மணல் ஆகிறது என்று வகுப்பில் ஒரு தோழி வாதாடினாள். எனக்கு மறுத்துச் சொல்லத் தெரியவில்லை.

சல்லிக்கல் (உன்னிச்சை) · ஞாயிறு காலை 8.10

நான் கல்லுடைக்கும் இடத்தில் பத்தொன்பது வருடமாக வேலை செய்கிறேன், படித்தவன் அல்ல. கண்டதைச் சொல்கிறேன். எங்கள் கல்லை வெட்டினால் கறுப்பும் வெள்ளையும் வரிவரியாக இருக்கும், சில இடத்தில் சேலைக் கரை மாதிரி மடிந்து மடிந்து போகும். இடையே இளஞ்சிவப்பு நரம்பு ஓடும். நல்ல கல் சுத்தியலுக்கு மணி போலக் கணீரென்று சத்தம் கொடுக்கும். மலையின் மேற்பக்கத்துக் கல் வெங்காயம் போலத் தோல் தோலாகக் கழரும். அந்தத் தோலுக்கு அடியில் உள்ள கல்லைக் கையால் நெரித்தால் பொடியாகும், பொடியில் வெள்ளை மணி மணியாக மணல் இருக்கும். தங்கச்சி, நீங்கள் கேட்கும் மணல் அங்கேதான் பிறக்கிறது என்பது என் எண்ணம்.

தாந்தாமலை டீச்சர் (கொக்கட்டிச்சோலை) · ஞாயிறு காலை 10.30

சல்லிக்கல் தம்பி, பாடநூலில் ஓர் அத்தியாயம் எடுத்துச் சொல்வதை நீங்கள் ஒரு பந்தியில் சொல்லிவிட்டீர்கள். "படித்தவன் அல்ல" என்று இனி எழுதாதீர்கள்.

அந்த வரிக்கல்லின் பெயர் நைஸ். உருமாறிய பாறை. மட்டக்களப்பும் அம்பாறையும் பெரும்பாலும் விஜயன் தொகுதி எனப்படும் பாறைப் பரப்பில் இருக்கின்றன. இதன் மூலப்பாறைகளில் பலவும் 100 கோடி ஆண்டுகளுக்கு மேற்பட்டவை. சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன், கண்டத் துண்டுகள் மோதி ஒட்டி கொண்டுவானா என்ற பெருங்கண்டம் உருவானபோது, இப்பாறைகள் பல கிலோமீற்றர் ஆழத்தில் புதைந்து, வெந்து, நசுங்கி மடிந்தன. சேலைக் கரை போன்ற மடிப்பு அந்த நெருக்குதலில் விழுந்தது. அப்போது நமக்குப் பக்கத்து நிலம் அந்தாட்டிக்காவும் மடகாஸ்கரும். மேலே இருந்த அத்தனை கிலோமீற்றர் பாறையையும் மழையும் ஆறும் தின்று தீர்த்ததால்தான் அந்த ஆழத்துக் கல் இன்று வெயிலில் கிடக்கிறது. குடும்பிமலையைத் தூரத்திலிருந்து பார்க்கும்போதெல்லாம் இதை நினைப்பேன். அது சமவெளியிலிருந்து மேலே எழும்பியதன்று. சுற்றியிருந்த நிலம் தேய்ந்து கீழே போக, வெடிப்புக் குறைந்த வலுவான கல் மிஞ்சி நிற்கிறது.

இப்போது உயர்தரத் தங்கச்சிக்கு. வரிக்கல்லில் பெல்ஸ்பார், குவாட்ஸ், மைக்கா, கறுப்புக் கனிமங்கள் இருக்கின்றன. மழைநீர் காற்றிலிருந்தும் மண்ணிலிருந்தும் காபனீரொட்சைட்டை வாங்கி மென்மையான அமிலமாகிறது. அதன் முன் பெல்ஸ்பார் நிற்காது, களியாக மாறிவிடும். குவாட்ஸ் ஏறத்தாழ அசைவதேயில்லை. பாறையைப் பிணைத்து வைத்திருந்த பெல்ஸ்பார் சிதைந்ததும் குவாட்ஸ் மணிகள் உதிர்கின்றன. இதை வானிலையாலழிதல் என்று படித்திருப்பீர்கள். களியை வெள்ளம் தூக்கிப் போய் வயலிலும் வாவியடியிலும் படிய வைக்கிறது. மணி உருண்டு ஆற்றுவாய்க்குப் போகிறது. படுவான்கரை வயலின் களியும் எழுவான்கரையின் மணலும் ஒரு கல்லின் இரண்டு பிள்ளைகள்.

தோழிக்குச் செய்து காட்ட ஒரு வழி உண்டு. ஒரு கரண்டி மணலில் வினாகிரி ஊற்றுங்கள். சிப்பியும் முருகைக்கல்லும் சுண்ணாம்பு, நுரைக்கும். குவாட்ஸ் சும்மா கிடக்கும்.

உயர்தரப் புவியியல் (செங்கலடி) · ஞாயிறு பிற்பகல் 3.05

மாமா வீட்டுக்குப் போன நேரம் கல்லடிக் கடற்கரை மணலில் ஊற்றினேன். ஓரிரு இடத்தில் மட்டும் குமிழி வந்தது. தோழி பாசிக்குடாவில் அள்ளிவைத்திருந்த மணல் நன்றாக நுரைத்தது. அங்கே முருகைக்கல் பார் பக்கத்திலேயே இருக்கிறதல்லவா? ஆகவே அவள் சொன்னது பாசிக்குடாவுக்கு ஓரளவு பொருந்தும், கல்லடிக்குப் பொருந்தாது. இருவரும் சமாதானமாகிவிட்டோம்.

வெற்றிலைத்தோட்டம் (களுதாவளை) · ஞாயிறு மாலை 4.40

எங்கள் கிணற்று மணலும் நுரைக்கவில்லை. கறுப்புக் கோடு என்ன டீச்சர்? மகள் காந்தம் பிடித்துப் பார்த்தாள், கொஞ்சம் ஒட்டியது, மீதி அசையவில்லை.

தாந்தாமலை டீச்சர் (கொக்கட்டிச்சோலை) · ஞாயிறு மாலை 5.10

ஒட்டியது மக்னடைட். ஒட்டாத கறுப்பு பெரும்பாலும் இல்மனைட், சிவப்பாக மின்னினால் கார்னெட். இவையும் அதே மலைப்பாறையிலிருந்து வந்தவை, குவாட்ஸைவிடப் பாரமானவை. அலை திரும்பும்போது இலேசான மணலைக் கொண்டுபோய்விடும், பாரமானது கோடாகத் தங்கும், அரிசி கொழிப்பது போல. புல்மோட்டையில் கடலே பெரிய அளவில் கொழித்து வைத்த மணலைத்தான் தோண்டி எடுக்கிறார்கள்.

தென்னந்தோப்பு (அம்பாறைக் கரையோரம்) · ஞாயிறு இரவு 9.25

இதுவரை வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். மணல் மலையிலிருந்து வருகிறது, கடல் அடுக்குகிறது, நல்லது. எங்கள் வாப்பா நட்ட தென்னையில் மூன்று வரிசை இன்று கடலுக்குள் நிற்கிறது. வேர் வெளியே தொங்குகிறது. கடல் மட்டம் உயர்ந்து இப்படி ஆனது என்று ஒருவர் சொல்கிறார், கடலின் குணம் என்று இன்னொருவர் சொல்கிறார். பத்து வருடத்தில் மூன்று வரிசையா? எனக்கு விளங்கவில்லை.

தாந்தாமலை டீச்சர் (கொக்கட்டிச்சோலை) · திங்கள் காலை 5.50

இரவு முழுவதும் உங்கள் பதிவு மனதில் இருந்தது நாநா.

கடற்கரை மணல் நின்ற இடத்தில் நிற்பதில்லை. தென்கிழக்கிலிருந்து வரும் அலை கரையைச் சாய்வாக அடிக்கும்போது, மணி சாய்வாக ஏறி, நேராக இறங்கும். ஒவ்வோர் அலைக்கும் சிறிது வடக்கே போகும். வாடைக்காற்றுக் காலத்தில் தெற்கேயும் தள்ளப்படும். ஆனால் ஆண்டுக் கணக்கை மொத்தமாகப் பார்த்தால் நம் கரையில் வடக்கு நோக்கிய நகர்வே மேலோங்குகிறது. ஒரு வளவுக்கு முன்னால் உள்ள மணல் வழிப்போக்கன். போனதற்கு ஈடாகத் தெற்கிலிருந்து வந்துகொண்டிருக்கும்வரை கரை அசையாததுபோல் தோன்றும்.

அந்த ஓட்டத்துக்குக் குறுக்கே கடலுக்குள் கல்லணை நீட்டினால் தென்பக்கம் மணல் குவியும், வடபக்கம் பட்டினி கிடந்து அரிக்கப்படும். ஒலுவில் துறைமுகத்தின் அலைதடுப்பைச் சுற்றி நடந்தது இதுதான். அது ஒரு காரணம். இன்னொன்று மேலே, ஆற்றில் இருக்கிறது. 1950களின் தொடக்கத்தில் பட்டிப்பளை ஆற்றை இங்கினியாகலையில் மறித்து சேனநாயக்க சமுத்திரம் உருவானது. வயலுக்கு நீர் கிடைத்தது, அது பெரிய நன்மை. ஆனால் ஓடும் நீர் அணைக்கட்டில் நின்றதும் சுமந்துவந்த மணலை அங்கேயே இறக்கிவிடுகிறது. தப்பி வருவதை ஆற்று மணல் அள்ளுபவர்கள் லொறியில் ஏற்றுகிறார்கள். கடல் மட்டமும் மெல்ல உயர்கிறது, உண்மை. ஆனால் அது ஆண்டுக்குச் சில மில்லிமீற்றர். பத்து வருடத்தில் மூன்று வரிசை தென்னை என்றால் முதலில் மணல் வரவைத்தான் பார்க்க வேண்டும். உங்கள் வளவுக்கு எந்தக் காரணம் எவ்வளவு என்பதைக் கரையை நடந்து பார்க்காமல் நான் சொல்ல மாட்டேன். உங்கள் வளவுக்குத் தெற்கே, நடந்து போகும் தூரத்தில், கரை அகன்று மணல் குவிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

நமக்கு மணல் என்றால் லொறிக்கு இவ்வளவு என்ற விலைதான் நினைவுக்கு வருகிறது. ஆற்றுப் படுகையில் கிடப்பது எழுவான்கரைக்கு வந்துகொண்டிருக்கும் வழியில் தங்கி நிற்கும் மணல். அதை அள்ளும்போது கரையைத்தான் அள்ளுகிறோம். இதைச் சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது, மறைக்கவில்லை.

தென்னந்தோப்பு (அம்பாறைக் கரையோரம்) · திங்கள் காலை 7.15

சுபஹ் தொழுதுவிட்டு நடந்து பார்த்துவிட்டு வந்தேன். தெற்கே கரை அகலம்தான் டீச்சர். முன்பு தோணி இழுத்த இடத்தில் இப்போது பிள்ளைகள் பந்து விளையாடும் அளவுக்கு மணல். அங்கிருந்து எங்கள் வளவுவரை படம் எடுத்து வைக்கிறேன், ஒவ்வொரு மாதமும் அதே இடத்திலிருந்து எடுப்பேன்.

மாரிப்போகம் (வெல்லாவெளி) · திங்கள் காலை 9.00

ஆற்றுவாய் (வாவி கடலில் சேரும் இடம்) பற்றியும் யாராவது சொல்லுங்கள். மார்கழியில் வெள்ளம் ஏறி எங்கள் வயல் மூழ்கும்போது "ஆற்றுவாயை வெட்டு" என்று நாங்கள் கேட்கிறோம். முந்தி வெட்டினால் வாவி உப்பாகிவிடும், மீனும் இறாலும் கெடும் என்று மீனவர்கள் சொல்கிறார்கள். வெட்டிய வாய் கோடையில் திரும்ப மூடுவதும் இந்த நடக்கும் மணலால்தானா?

தாந்தாமலை டீச்சர் (கொக்கட்டிச்சோலை) · திங்கள் காலை 9.40

ஆம், அதே மணல்தான். மாரியில் வாவி நீர் வெளியே தள்ளும் வேகம் மணலை வெல்லும், வாய் திறக்கும். கோடையில் நீர் தளரும், கரையோரமாக நடக்கும் மணல் வென்று வாயை அடைக்கும். பாலமீன்மட்டிலும் கல்லாற்றிலும் ஆண்டுதோறும் இந்த இழுபறி நடக்கிறது. எப்போது வெட்டுவது என்பது வயலும் மீனும் கூடிப் பேசித் தீர்க்க வேண்டியது. மணல் யார் பக்கமும் நிற்காது.

சல்லிக்கல் (உன்னிச்சை) · திங்கள் மதியம் 12.20

மகா ஓயாவில் வெந்நீர் ஊற்று இருக்கிறதே டீச்சர், கீழே எரிமலை இருக்கிறதா?

தாந்தாமலை டீச்சர் (கொக்கட்டிச்சோலை) · திங்கள் மதியம் 12.45

இல்லை தம்பி. மழைநீர் பாறை வெடிப்பு வழியே வெகு ஆழம் இறங்கி, புவியின் உள்வெப்பத்தில் சூடாகி மேலே வருகிறது. மகா ஓயா, கன்னியா போன்ற ஊற்றுகள் பலவும் விஜயன் தொகுதியும் மத்திய மலைநாட்டுப் பாறைத் தொகுதியும் சந்திக்கும் எல்லையை ஒட்டி இருக்கின்றன. நாம் புவியோட்டுத் தகட்டின் நடுப்பகுதியில் இருக்கிறோம். 2004இல் உடைந்தது சுமாத்திராவுக்கு அப்பால், இந்தியத் தகடு கிழக்குத் தகட்டின் அடியில் நுழையும் இடத்தில், சுமார் 1,300 கிலோமீற்றர் நீளத்துக்கு. நமக்கு வந்தது அங்கே தூக்கப்பட்ட கடல்.

வெற்றிலைத்தோட்டம் (களுதாவளை) · திங்கள் மாலை 4.15

நாளை வளையம் இறக்குகிறார்கள். இன்னும் இரண்டு அடி ஆழமாக்கினால் தண்ணீர் நிற்கும் என்று சிலர் சொல்கிறார்கள். செய்யலாமா?

தாந்தாமலை டீச்சர் (கொக்கட்டிச்சோலை) · திங்கள் மாலை 4.50

வேண்டாம். சேற்றுக்குள் போனால் தண்ணீர் நாறும், இரும்பு கலங்கும். உங்கள் நன்னீர் மழையால் வந்து, மணலுக்குள் உப்புநீரின் மேல் மிதக்கிறது. நன்னீர் இலேசு, கடல்நீர் பாரம். கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் தாங்கும் என்பது மணற்கரைக்கான கணக்கு. சேற்றுப்படை குறுக்கிடும் இடத்தில் அது அப்படியே பொருந்தாது. ஆனால் கணக்கைத் திருப்பிப் பாருங்கள்: பெரிய மோட்டார் போட்டு நீர்மட்டத்தை ஓர் அடி இறக்கினால் கீழிருந்து உப்பு பல மடங்கு மேலே ஏற இடம் கொடுக்கிறோம். சுனாமிக்குப் பின் உப்பான கிணறுகளை அவசரமாக இறைத்து இறைத்துச் சிலர் இன்னும் உப்பாக்கிக்கொண்டது நினைவிருக்கும். 11 அடியில் நிறுத்தி, அடியில் பருமணல் போட்டு, சிறிய பம்பால் காலையும் மாலையும் அளவாக இறையுங்கள்.

வெற்றிலைத்தோட்டம் (களுதாவளை) · திங்கள் இரவு 8.05

அப்படியே செய்கிறேன் டீச்சர். மகள் ஒரு கண்ணாடிப் போத்தலில் சேறு, மணற்கோடு, பருமணல், வெள்ளை மணல், தோட்டத்து மண் என்று கிணற்றில் இருந்த ஒழுங்கிலேயே நிரப்பி வைத்திருக்கிறாள். மேலே நிற்கும் நிலத்தைக் காட்டிவிட்டேன். இந்த மணல் புறப்பட்ட இடத்தைக் காட்ட வேண்டும் என்கிறாள். படுவான்கரையில் யாராவது அண்மையில் கிணறு வெட்டினீர்களா?

மாரிப்போகம் (வெல்லாவெளி) · திங்கள் இரவு 8.30

சென்ற மாதம் வெட்டினோம் தம்பி. 18 அடியில் கருங்கல், அதற்கு மேல் போக முடியவில்லை. கல்லின் மேல் ஐந்தாறு அடிக்கு உக்கிய கல். பார்க்கக் கல்லின் வரி அப்படியே தெரிகிறது, பிடித்தால் கையில் உதிர்கிறது. வெள்ளைப் பாகம் களியாகிவிட்டது, நடுவே குவாட்ஸ் மணிகள் இன்னும் கூர் மழுங்காமல் இருக்கின்றன. ஒரு பை எடுத்து வைக்கட்டுமா?

வெற்றிலைத்தோட்டம் (களுதாவளை) · திங்கள் இரவு 8.34

எடுத்து வையுங்கள் அண்ணா. சனிக்கிழமை மகளோடு குருமண்வெளித் துறைக்கு வருகிறேன். நீங்கள் மண்டூர்ப் பக்கம் வந்தால் பாதையில் (வாவி கடக்கும் மிதவைப் படகில்) ஏறி வந்து வாங்கிக்கொள்கிறோம்.